இம்மாம் பெரிய கல்

1

நான் சென்னையில் கப்பலேறிய நாள் ஆண்டுதோறும் மார்கழியில் வரும். அன்றைக்கு என் மனைவி தனபாக்கியம் பாயசம் வைப்பாள். எதற்காக என்று நான் கேட்டதில்லை. வந்து சேர்ந்ததற்கா, இன்னும் திரும்பிப் போகாததற்கா என்று அவளுக்கே தெரியுமா என்பது சந்தேகம். இந்த வருஷம் பாயசம் ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் மகள் சரஸ்வதி பள்ளிக்கூடப் பாடத்தோடு வந்து நின்றாள்.

நாங்கள் இருப்பது மலாயாவில், பேராக் பகுதியில் ஒரு சிறு ஊர். சுற்றிலும் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும். இங்கே உள்ள கோர்ட்டில் நான் இரண்டாவது தமிழ் மொழிபெயர்ப்பாளன். காலையில் சைக்கிளில் போவேன். பிற்பகல் மழையில் நனைந்து திரும்புவேன். நடுவில் யாரோ தமிழில் சொன்னதை இங்கிலீஷிலும், நீதிபதியான வெள்ளைக்காரத் துரை இங்கிலீஷில் கேட்டதைத் தமிழிலும் சொல்வேன். எனக்கென்று அங்கே சொல்வதற்கு எதுவும் கிடையாது.

சரஸ்வதி கன்னிகாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படிக்கிறாள். ஐந்து வார்த்தைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். ஹ்யூஜ், எனார்மஸ், இம்மென்ஸ், வாஸ்ட், ட்ரெமண்டஸ்.

"எல்லாத்துக்கும் மிகப் பெரியன்னுதானே அப்பா அர்த்தம்? ஆனா ஒண்ணு இருக்கிற இடத்துல இன்னொண்ணைப் போட்டா சிஸ்டர் சிவப்பு மையால அடிச்சிடுவாங்க."

நான் பதில் சொல்வதற்குள் தனபாக்கியம் உள்ளேயிருந்து வந்தாள். அவள் நசரத்பேட்டைக்காரி. கப்பலில் வந்தபோது பேசிய பேச்சைத்தான் இன்னும் பேசுகிறாள்.

"இன்னாடி அது, அஞ்சு வார்த்தை? பெருசுன்னா பெருசு. ரொம்பப் பெருசுன்னா இம்மாம் பெருசு. அவ்ளோதான்" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒரு கையில் கரண்டி இருந்தது.

"அம்மா, இம்மாம்னு சொல்லாதீங்க. எங்க தமிழ் டீச்சர் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் இன்னா அவங்க கிளாஸ்லயா குந்திகினு கீறேன்?"

சரஸ்வதி என்னைப் பார்த்தாள். அம்மாவுக்குச் சொல்லுங்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். நான் பாயசத்தைக் குடித்தேன்.

2

எனார்மஸ் என்ற வார்த்தை எனக்கு வந்த வழி வேறு. அதை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்கவில்லை.

எங்கள் ஊர் நெமிலிச்சேரி. ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு நெல் நிலம் இருந்தது. அறுவடைக்குப் பிறகு பூந்தமல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கும் இடத்துக்கு வைக்கோல் கொண்டுபோய்ப் போடுவோம். வண்டியை என் அண்ணன் குப்புசாமி ஓட்டுவான். இங்கிலீஷ் தெரியும் என்பதற்காக என்னையும் ஏற்றிக்கொள்வான். அப்போது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு வண்டி வைக்கோலை இறக்கத்தான் போதும்.

அந்த வருஷம் அண்ணன் நெல்லூர்ப் பக்கத்துக் காளை ஒன்று வாங்கியிருந்தான். திமில் என் தலைக்கு மேல் இருக்கும். பட்டாளத்து வாசலில் நின்ற ஒரு சிப்பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். முதுகில் தட்டிப் பார்த்துவிட்டு, "எனார்மஸ்" என்றான்.

"இன்னாடா சொல்றான் தொரை? திட்றானா?" என்றான் அண்ணன்.

"இல்லே அண்ணாத்தே. மாட்டைத்தான் சொல்றான். ரொம்பப் பெருசுங்கறான்."

"அத்தச் சொல்லவா வாயை அப்படிக் கோணினான்?"

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்தபோது காளைக்கு நார்மாசு என்று பெயர் விழுந்திருந்தது. பிறகு ஆவடிச் சந்தையில்கூட, "நார்மாசு எப்படிக் கீது?" என்றுதான் விசாரிப்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் அது ஏதோ பெருமாள் நாமம் என்று நினைத்தார்கள்.

அந்த வார்த்தையின் வேர் எனக்குத் தெரிந்தது வெகுகாலம் கழித்து, இந்த வேலைக்கான பரீட்சைக்குப் படித்தபோதுதான். தச்சனுடைய மூலைமட்டத்துக்கு லத்தீனில் நார்மா என்று பெயராம். அந்த மட்டத்துக்கு வெளியே போனதுதான் எனார்மஸ். அதாவது இருக்க வேண்டிய அளவை மீறியது. பழைய இங்கிலீஷில் அதற்கு அக்கிரமமானது என்றும் ஒரு அர்த்தம் உண்டு. அந்த வாடை இன்னும் முழுக்கப் போகவில்லை. எங்கள் காளை எந்த மட்டத்தையும் மீறவில்லை. நன்றாக வளர்ந்திருந்தது, அவ்வளவுதான். சிப்பாய் ஹ்யூஜ் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அண்ணனுக்குப் பெயர் வைக்கத் தோன்றியிருக்காது.

3

சரஸ்வதிக்கு நான் சொல்லிக் கொடுத்ததை இங்கே சுருக்கமாக எழுதுகிறேன். ஊரில் பத்திரிகையில் இதைப் பார்க்கும், இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படலாம்.

ஹ்யூஜ் என்பது வெறும் பருமன். கண்ணெதிரே ஒரு பொருள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். வாஸ்ட் என்பது பரப்பு; அதற்கு உயரமோ எடையோ தேவையில்லை. ஐப்பசி கார்த்திகையில் அம்பத்தூர் ஏரி நிரம்பி, எதிர்க்கரை மழையில் மறைந்துவிடும் அல்லவா? அது வாஸ்ட். அதை ஹ்யூஜ் என்றால் தண்ணீரைக் குவித்து வைத்தது போல ஆகிவிடும். ட்ரெமண்டஸ் என்பதற்குள் நடுக்கம் இருக்கிறது. கேட்டவனோ பார்த்தவனோ நடுங்க வேண்டும். இடிக்கும் வெடிக்கும் அது பொருந்தும். இப்போது இங்குள்ள இளம் துரைமார்கள் சாப்பாட்டையும் பந்தாட்டத்தையும் அப்படிச் சொல்கிறார்கள். யாரும் நடுங்குவதாகத் தெரியவில்லை.

இம்மென்ஸ் என்றால் அளந்து முடியாதது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கிறது.

அப்பா காலமான தந்தி வந்தபோது ஊருக்குப் போக விடுப்புக் கேட்டு எழுதினேன். தந்தையின் மறைவு எனக்கு இம்மென்ஸ் இழப்பு என்று எழுதியிருந்தேன். ஆபீசின் தலைமைக் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டார். அந்த வார்த்தையின் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"விடுப்பு மனுவில் கிரேட் இழப்பு என்றுதான் எழுதுவது வழக்கம். இம்மென்ஸ் என்பது சக்கரவர்த்தி இறந்தால் போடுவது. மாற்றி எழுதிக் கொடுங்கள்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. நிஜமாகவே எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார்.

மாற்றி எழுதிக் கொடுத்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் காரியங்கள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் விடுப்புக்கு அவசியம் இல்லை என்று பதில் வந்தது. அதில் தப்புக் காண முடியாது. கப்பல் போகும் வேகத்தில் உண்மையாகவே முடிந்துதான் இருக்கும்.

இதை மட்டும் சொல்லவில்லை; மற்றதையெல்லாம் சரஸ்வதிக்குச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, "அப்பா, ஏரின்னா லேக்தானே? நான் பார்த்ததில்லையே. வாஸ்டுக்குக் கடல்னு எழுதிக்கலாமா?" என்றாள்.

எழுதிக்கொள் என்றேன். கடலும் சரிதான்.

4

பாயசத்துக்கு அடுத்த வாரம் கோர்ட்டில் ஏகாம்பரத்தின் வழக்கு வந்தது.

ஏகாம்பரம் வேலப்பன்சாவடிப் பக்கத்து இளைஞன். அங்கே கூலிக்கு ஏர் ஓட்டியவன். இங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தான். தோட்டத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். ஆள் வேலைக்கு வந்தானா, முழு நாளா அரை நாளா என்று பேர் போடுவது அவர்தான். ஒரு நாள் காலையில் ஏகாம்பரத்துக்கும் கிராணிக்கும் அரை நாள் போட்டது பற்றி வாய்த்தகராறு. அன்று பிற்பகல் ஏகாம்பரம் எறிந்த கல் கிராணியின் வாயில் பட்டு முன்பற்கள் இரண்டு உடைந்தன. இங்குள்ள சட்டப்படி பல் உடைந்தால் அது கொடுங்காயம். வேண்டுமென்றே செய்ததாக நிரூபித்தால் பல வருஷம் சிறை.

எறிந்ததை ஏகாம்பரம் மறுக்கவில்லை. கூலிகள் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரைமேல் ஒரு குரங்கு வாழைப்பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதை விரட்ட எறிந்தேன். குறி தப்பி, லயத்தின் கோடியில் வந்துகொண்டிருந்த கிராணிமேல் பட்டுவிட்டது என்றான்.

முதல் விசாரணையில் மொழிபெயர்த்தவர் எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் செல்வத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர்; தமிழிலும் இங்கிலீஷிலும் ஆழ்ந்த படிப்பு; நான் அவர் கீழே வேலை பார்க்கிறவன். அன்று ஏகாம்பரம் சொன்னதாகப் பதிவானது: 'நான் ஒரு எனார்மஸ் கல்லை எடுத்து எறிந்தேன்.' கிராணியும் இங்கிலீஷிலேயே சாட்சி சொல்லி, அது ஹ்யூஜ் கல் என்று சொல்லியிருந்தார். கல்லை யாரும் எடுத்து வைக்கவில்லை. தோட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமா?

இந்த இரண்டு வார்த்தைகளால் குரங்குக் கதை செத்துப்போய்விட்டது. கூரைமேல் ஓடும் குரங்கை விரட்ட யாராவது பாறாங்கல்லைத் தூக்குவானா? காலையில் சண்டை, பிற்பகலில் பாறாங்கல். ஏகாம்பரத்துக்கு வக்கீல் கிடையாது. துரை ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டார் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது விசாரணையன்று செல்வத்துரைக்குக் காய்ச்சல். அவர் இடத்தில் நான் நின்றேன்.

5

அரசாங்கத் தரப்பில் போலீஸ் இன்ஸ்பெக்டர் குறுக்கு விசாரணை செய்தார். அவர் வெள்ளைக்காரர். கையில் முதல் விசாரணையின் நகல்.

"நீ ஒரு எனார்மஸ் கல்லை எறிந்ததாகச் சென்ற முறை ஒப்புக்கொண்டாய் அல்லவா?"

நான் அதைத் தமிழாக்க வேண்டும். எனார்மஸுக்கு வெறுமனே பெரிய என்றால் குறைத்துச் சொன்னதாகும். ஆகவே, "நீ ஒரு பிரம்மாண்டமான கல்லை எறிந்ததாக ஒத்துக்கொண்டாயே" என்றேன்.

ஏகாம்பரம் விழித்தான். "பிரமாண்டமா? நான் அப்பிடிச் சொல்லவே இல்லியே சாமி. பிரமாண்டமான கல்லைத் தூக்க நான் இன்னா பீமனா?"

"பின்னே என்ன சொன்னாய்?"

"இம்மாம் பெரிய கல்லுன்னு சொன்னேன். இன்னிக்கும் அத்தத்தான் சொல்றேன். இம்மாம் பெரிய கல்லு."

சொல்லும்போது அவனுடைய வலக்கை கூண்டின் கட்டையிலிருந்து எழுந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் அந்தக் கையைப் பிடித்துக் கட்டைமேல் வைத்து அழுத்தினான். கூண்டில் நிற்பவர்கள் கையை ஆட்டக் கூடாது என்பது அந்தக் கோர்ட்டின் ஒழுங்கு. சென்ற முறையும் இதேதான் நடந்திருக்கும் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

யாழ்ப்பாணத்தில் இம்மாம் என்ற சொல் கிடையாது. செல்வத்துரை போன்ற படித்தவர் காதில் அது 'இம் மாபெரிய கல்' என்றுதான் விழும். மாபெரிய என்றால் எனார்மஸ். அவர் தப்பாக மொழிபெயர்க்கவில்லை. அவர் காதில் விழுந்த தமிழுக்கு அது சரியான இங்கிலீஷ். ஆனால் பூந்தமல்லிப் பக்கத்துத் தமிழில் இம்மாம் என்றால் 'இவ்வளவு' என்று மட்டும்தான் அர்த்தம். எவ்வளவு என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். எலுமிச்சங்காயும் இம்மாம் பெருசுதான், யானையும் இம்மாம் பெருசுதான்.

மொழிபெயர்ப்பாளன் வாயைத் திறந்து சொந்தமாக எதுவும் பேசக் கூடாது. எங்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் அது. அதோடு, பேசினால் என் மேலதிகாரி செய்ததை அவர் இல்லாதபோது குறை சொன்னதாகும். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமாக்கச் சொல்லி எழுத வேண்டியவரும் அவரே. இதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் என் மனத்தில் ஓடியது. துரை பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கைதி சொன்ன ஒரு சொல்லைப் பற்றி விளக்கம் சொல்ல அனுமதி வேண்டும்" என்றேன்.

துரை பேனாவைக் கீழே வைத்தார். சொன்னேன்.

"அப்படியானால் சரியான வார்த்தை என்ன? லார்ஜா? ஹ்யூஜா?" என்று கேட்டார்.

"எதுவும் இல்லை ஐயா. அந்தச் சொல்லில் அளவு கிடையாது. அளவு அவன் கையில் இருக்கிறது. கையை என்னால் மொழிபெயர்க்க முடியாது."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "இப்போது கையைத் தூக்கவிட்டால் கோழி முட்டை அளவு காட்டுவான். யார்தான் காட்டமாட்டார்கள்?" என்றார். அது நியாயமான ஆட்சேபணை.

துரை சற்று யோசித்தார். பிறகு, ஏகாம்பரத்தை விசாரிப்பதை நிறுத்திவிட்டுக் கிராணியைத் திரும்பவும் சாட்சிக் கூண்டில் ஏறச் சொன்னார்.

கிராணிக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. உதட்டுக் காயம் ஆறியிருந்தது. பேசும்போது பல் போன இடம் தெரிந்தது. கல் ஹ்யூஜ் என்று இங்கிலீஷில் மறுபடியும் தெளிவாகச் சொன்னார்.

"வார்த்தை வேண்டாம். கையால் காட்டுங்கள்" என்றார் துரை.

கிராணி இரண்டு கைகளையும் தூக்கினார். முதலில் ஒரு பூசணிக்காய் அளவுக்கு விரித்தார். துரை அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். வெளியே ஜன்னலோரம் நின்ற தோட்டத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அவன் ஒரு கையால் எறிந்தான் என்று சென்ற முறை நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று கேட்டார் துரை.

"ஆமாம் ஐயா."

"இந்தக் கல்லையா?"

கிராணி தன் கைகளைத் தானே பார்த்தார். அவை கொஞ்சம் நெருங்கின. தேங்காய் ஆயிற்று. துரை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் இன்னும் நெருங்கின. கடைசியில் ஒரு கையைக் கீழே விட்டுவிட்டு, மற்றதன் விரல்களை மட்டும் குவித்துக் காட்டினார். ஒரு விளாங்காய் அளவு.

"நிச்சயமாகவா?"

"நிச்சயமாக, ஐயா." பிறகு, யாரும் கேட்காமலே தமிழில் என்னிடம் சொன்னார்: "வலி அப்படி இருந்ததுங்க. பட்டப்போ அது பெருசாத்தான் இருந்தது."

அதையும் நான் மொழிபெயர்த்தேன். துரை அதை எழுதிக்கொண்டார்.

அதன் பிறகுதான் ஏகாம்பரத்தைக் காட்டச் சொன்னார்கள். போலீஸ்காரன் விலகி நின்றான். அவன் காட்டியது விளாங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

6

வேண்டுமென்றே செய்த குற்றம் தள்ளுபடியாயிற்று. ஆட்கள் நடமாடும் இடத்தில் கவனமின்றிக் கல் எறிந்ததற்காகக் கண்டித்து, அதுவரை ரிமாண்டில் இருந்ததே போதும் என்று துரை விட்டுவிட்டார். குரங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் தீர்ப்பில் இல்லை.

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். தனபாக்கியத்துக்குக் குற்றமும் தண்டனையும் முக்கியமாகப் படவில்லை. "வேலப்பன்சாவடியா? யாரூட்டுப் பையன்?" என்றுதான் கேட்டாள். நான் விசாரிக்கவில்லை என்றதும், "இன்னா மனுசன்யா நீ, அத்த மொதல்ல கேக்க வாணாம்?" என்று கோபித்துக்கொண்டாள்.

சரஸ்வதி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். "அந்த ஆளை அம்மா மாதிரி பேச விட்டிருந்தா முதல்லயே முடிஞ்சிருக்குமா அப்பா?" என்றாள்.

"கையையும் விட்டிருந்தால்" என்றேன்.

இனி அவள் அம்மாவின் பேச்சைத் திருத்தமாட்டாள் என்று எண்ணினேன். இரண்டு நாள் திருத்தவில்லை. மூன்றாம் நாள், ஊட்டுக்கு என்று சொல்லாதீர்கள், வீட்டுக்கு என்று சொல்லுங்கள் என்று திருத்தினாள்.

செல்வத்துரை காய்ச்சல் தெளிந்து ஆபீசுக்கு வந்தார். நடந்தது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. காலை முழுவதும் என்னோடு பேசவில்லை. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனபின் என் மேஜைக்கு வந்தார்.

"நான் சொன்னது பிழையெண்டு துரைக்கு முன்னால சொன்னீராமே?"

"பிழை என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கு வேறு என்றுதான் சொன்னேன்."

"அந்தச் சொல்லை எனக்கு ஒருக்கால் சொல்லும் பார்ப்பம்."

சொன்னேன். தம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். இம்மாம், எம்மாம், அம்மாம் என்று மூன்றையும் சொல்ல வைத்தார். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்டைக்கு அவன் கையைத் தூக்கினது எனக்கு ஞாபகம் இருக்கு. நான் அதைப் பாக்கேல்லை. நான் அவன்ட சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தனான். முப்பது வருசமா நான் சொல்லைத்தான் கேட்டுக்கொண்டு வாறன்." தம் கையைத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு காலத்தில எத்தனை பேர் கையைத் தூக்கியிருப்பினம்?"

அவர் என்னைக் கேட்டதாகத் தோன்றவில்லை.

என் வேலையை நிரந்தரமாக்க அவர் சிபாரிசு எழுதுவாரா மாட்டாரா என்று இன்னும் தெரியாது. ஆனால் மறுநாள் முதல், சென்னைப் பக்கத்து ஆட்கள் வரும் வழக்குகளுக்கு என்னை அனுப்பச் சொல்லிவிட்டார். நான் போகும் சில நாட்களில் அவரும் வந்து பின்வரிசையில் உட்காருகிறார். கையில் பேனாவோ காகிதமோ இருப்பதில்லை.

7

விடுதலையான ஏகாம்பரத்தைத் தோட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. பேர் போடும் கிராணிக்கு எதிராக நின்றவனை எந்தத் தோட்டம் சேர்க்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். தனபாக்கியம் அவனை உட்காரவைத்துச் சோறு போட்டாள். அவன் சாப்பிடச் சாப்பிட, கேட்க வேண்டியதையெல்லாம் அவளே கேட்டுவிட்டாள். தகப்பன் இல்லை; தாய் மட்டும். ஒரு தங்கை, அம்பத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. தாய் இப்போதும் நடவுக்குப் போகிறாள்.

வேலையிழந்த கூலிகளை ஊருக்குத் திருப்பி அனுப்ப இங்கே ஒரு ஏற்பாடு உண்டு. மனுப் போட்டால் கப்பலில் இடம் கிடைக்கும். அதை எழுதித் தருவதாகச் சொன்னேன். இம்மென்ஸ் என்று எழுதமாட்டேன், கவலைப்படாதே என்று வேடிக்கையாகச் சொல்ல நினைத்தேன்; அவனுக்கு அது புரியாது என்று விட்டுவிட்டேன்.

"வாணாம் சாமி. நான் போவல" என்றான்.

"ஏன்? இங்கே இனி என்ன இருக்கிறது?"

"ஊருக்குப் போனா இன்னாத்துக்குடா வந்துட்டேன்னு கேப்பாங்க. குரங்கால வந்துட்டேன்னா சொல்றது?"

தனபாக்கியம் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். நான் மட்டும் சிரிக்கவில்லை. நான் ஊருக்குப் போகாமல் இருப்பதற்கு வைத்திருக்கும் காரணங்களில் ஒன்றுகூட இவ்வளவு தெளிவானது இல்லை.

"அப்ப இன்னா பண்ணப்போறே?" என்று அவள்தான் கேட்டாள்.

"ஆத்துக்கு அந்தாண்ட ஒரு சீனன் காய்கறித் தோட்டம் போட்டுக்கினு கீறான்கா. ஆள் வேணுமாம். அவன் பேசறது எனக்கும் தெரியல, நான் பேசறது அவனுக்கும் தெரியல. மம்பட்டியைக் கையில குடுத்தான். ஒரு பாத்தி கட்டிக் காட்டினேன். சரின்னுட்டான்."

போகும்போது என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டான். "ஊருக்குப் பத்திரிகையில எழுதுவீங்களாமே, அக்கா சொன்னாங்க. இத்த எழுதாதீங்க சாமி. எங்கம்மா பயந்துடும்."

எழுதிவிட்டேன். ஆனால் அவன் பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரையும் பக்கத்து ஊர் ஒன்றாக மாற்றியிருக்கிறேன். ஆகையால் எந்தத் தாய் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒரு சிரமம் கொடுக்கிறேன். பூந்தமல்லிச் சாலையில் போய்வரும்போது, மகனைக் கப்பலேற்றிவிட்டு நடவு வயலில் நிற்கும் எந்தத் தாயைப் பார்த்தாலும், அவளிடம் சொல்லிவிடுங்கள்: பிள்ளை சுகமாக இருக்கிறான், கீரைப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறான்.